தார்ப்பாயை ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்

தண்டையார்பேட்டையில் ஜனவரிக் காலை 20 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் இனம் நாங்கள். ஜன்னலை மூடுவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். கொசு வந்தால் மூடு, லாரித் தூசி வந்தால் மூடு, மணலிப் பக்கமிருந்து வாடை வந்தால் ஓடிப்போய் மூடு. அதே கையோடுதான் ஹம்மாக்கைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் எஸ்டேட்டுக்குப் போகிறோம்.

ராத்திரி 8 டிகிரி என்று போன் காட்டியதும் வேலை ஆரம்பம். தார்ப்பாயை இரண்டு பக்கமும் தரைவரை இழுத்துக் கட்டுகிறோம். முனைகளைக் கிளிப் போட்டு அடைக்கிறோம். ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பை ஏற்றி, தலையையும் உள்ளே இழுத்துக்கொள்கிறோம். நாலு மணிக்கு முழிப்பு வந்தால் மேலேயிருந்து சொட்டுகிறது. போர்வை ஈரம். முதுகு விறைத்துப்போயிருக்கிறது. விடிந்ததும் கூட்டத்தில் யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவான்: "பேக் சரியில்ல மச்சி. இன்னும் காஸ்ட்லியா வாங்கணும்."

இந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தத் தண்ணீர் யாருடையது என்று பார்ப்போம். எட்டு மணி நேரத் தூக்கத்தில் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறார். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம் நீராவி வரை வைத்துக்கொள்ளும். 5 டிகிரியில் 7 கிராம்கூட முடியாது. நீங்கள் அடைத்துக் கட்டிய தார்ப்பாய்க்குள் மூன்று கன மீட்டர் காற்று இருக்கிறது என்று வையுங்கள். மொத்தக் கொள்ளளவே 20 கிராம் சொச்சம். மலைக் காற்றில் அதில் பெரும்பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உங்கள் 250 கிராம் எங்கே போகும்? வானம் தெளிவாக இருந்தால் தார்ப்பாய் தன் வெப்பத்தை மேலே இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நீராவி அதில்தான் ஒட்டும், பிறகு உங்கள் மேலேயே சொட்டும்.

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர்களுக்குள் இதேதான் நடக்கிறது. பகல் வெயிலில் மரப் பலகையிலிருந்தும் மூட்டையிலிருந்தும் ஈரம் கிளம்பும். இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அது தண்ணீராகிச் சரக்கின் மேல் சொட்டும். கன்டெய்னர் மழை என்றே அதற்குப் பெயர். சரக்கு ஏற்றுகிறவர்கள் ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே தொங்கவிடுகிறார்கள், காய்ந்த பலகையாகப் பார்த்துப் போடுகிறார்கள். இரும்பை இன்னும் தடிமனாக்கு என்று யாரும் சொல்வதில்லை. நாம் மட்டும் தடிமனான பையைத் தேடுகிறோம்.

அந்தப் பையில் போட்டிருக்கும் டிகிரிக் கணக்கும் ஹம்மாக்குக்குப் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் அந்த எண்ணை எடுக்கும்போது சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் வைத்து, பைக்கு அடியில் ஒரு மேட்டும் போடுவார்கள். ஹம்மாக்கில் அடியில் காற்றுதான். கதகதப்பு என்பது பஞ்சுக்குள் சிக்கிய காற்று. உங்கள் எடை அந்தப் பஞ்சை நசுக்கிவிட்டால் முதுகுக்கும் மலைக்காற்றுக்கும் நடுவே இரண்டு துணிதான் மிச்சம். மேலே எத்தனை போர்வை போட்டாலும் முதுகு குளிரும். தூளியில் வளர்ந்தவர்கள் நாம், தெரியாதா என்று கேட்காதீர்கள். அந்தத் தூளி வீட்டுக்குள் தொங்கியது.

ஆகவே பணத்தைக் கீழே போடுங்கள். ஹம்மாக்குக்கு வெளியே, அடியில், நசுங்காமல் தொங்கும் பஞ்சு மெத்தை கிடைக்கிறது, அண்டர்க்வில்ட் என்பார்கள். வசதியில்லை என்றால் முதுகுக்கடியில் ஒரு தடித்த ஃபோம் மேட். கொஞ்சம் வேர்க்கும், நகரும், ஆனாலும் வேலை செய்யும். தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் மட்டும் தாழ்த்தி, மறுபக்கம் ஒரு சாணாவது தூக்கிக் கட்டுங்கள். தலைக்குக் குல்லா போடுங்கள், மூக்கை வெளியே விடுங்கள். ஈரச் சாக்ஸை உள்ளே காயப்போடாதீர்கள். பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் கட்டாதீர்கள். குளிர்காற்று இறங்கித் தேங்குவது அங்கேதான். ஊட்டியில் உறைபனி என்றதும் தலைகுந்தாவின் பெயர் அடிபடுவதற்கு அந்தத் தாழ்வான புல்வெளிதான் காரணம்.

"காத்து உள்ள வந்தா குளிருமே?" குளிரும். ஆனால் ஓடாமல் நிற்கும் காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த இறகுப் பஞ்சு சப்பையாகிவிடும். உலர்ந்த குளிரைத் தாங்கிக்கொள்ளலாம், ஈரமான குளிரோடு மல்லுக்கட்ட முடியாது. மேகமே இறங்கி உட்காரும் இரவில் எவ்வளவு திறந்தாலும் கொஞ்சம் நனையத்தான் செய்யும். ஒரு துண்டு வைத்துக்கொண்டு துடையுங்கள்.

ஒரு ஈர ராத்திரியோடு முடிகிற விஷயமென்றால் இவ்வளவு கத்தமாட்டேன். மூடிய பிறகும் குளிர்ந்தால் அடுத்து நெருப்பு கேட்கும். பார்பெக்யூ மிச்சக் கரியை, "சும்மா கொஞ்ச நேரம்" என்று உள்ளே இழுத்து வைப்போம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளைப் படித்திருக்கிறோம். படித்துவிட்டு 'பாவம்' என்று நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் செய்ததும் நாம் செய்வதும் ஒரே காரியத்தின் முதல் படியும் கடைசிப் படியும்தான்.

அடுத்த தடவை மலையில் கை தானாகக் கிளிப்பைத் தேடிப் போகும். நிறுத்துங்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மூக்கு குளிரும். குளிரட்டும்.