கொல்லிமலையில் நிம்மதி தேடுகிறவர்களும் கொல்லிமலைக்காரர்களும்

‘நிபுணரோடு ஓர் உரையாடல்’ என்ற வகை நிகழ்ச்சிகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. கோபத்தை அடக்குவது எப்படி, அதிகாலையில் எழுவது எப்படி, பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்காமல் வாங்குவது எப்படி என்று எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரப் பேட்டி இருக்கிறது. நம் மஹல்லாக்களிலும் தேர்வு முடிந்த கையோடு ஆளுமை வளர்ச்சி முகாம், கல்வி வழிகாட்டி முகாம் என்று நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. நல்ல விஷயம்தான். மனம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் வலிக்கும் என்று பேசுவதே வெட்கமாக இருந்த காலத்திலிருந்து இந்த அளவுக்கு வந்திருக்கிறோம்.

ஆனால் இது பெரிய வியாபாரமும்கூட. உலகம் முழுவதும் ‘வெல்னஸ்’ என்ற பெயரில் புரளும் பணம் 2023-ல் 6.3 லட்சம் கோடி டாலர் என்று அத்துறையின் சொந்த ஆய்வு அமைப்பே கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் சமூக ஊடகங்களில் உடல்நல ஆலோசனை சொல்பவர்கள் தங்கள் படிப்பையும் தகுதியையும் வெளியே சொல்ல வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் விதிமுறை கொண்டுவரும் அளவுக்கு நிலைமை போனது. மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் நிபுணர் அல்லர் என்பதை அரசே சொல்ல வேண்டியிருந்தது.

சரி, உண்மையான நிபுணர்கள் உண்மையான மக்களோடு உட்கார்ந்து பேசினால் என்ன கிடைக்கும்? அதற்கு நம் அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை.

கொல்லிமலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, மிளகு, பலாப்பழம். சனி, ஞாயிறு ஆனால் சேலம், நாமக்கல், திருச்சி, கோவையிலிருந்து வண்டிகள் ஏறுகின்றன. ‘டென்ஷன் குறைய’ இரண்டு நாள் தங்கிவிட்டு, திரும்பும்போது சாமையும் தேனும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே வசிப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழ்.) நகரத்துக்காரர் நிம்மதி தேடி ஏறும் அதே பாதையில்தான் மலைவாசி வேலை தேடியும் ஆஸ்பத்திரி தேடியும் இறங்குகிறார். இந்த இரண்டு போக்குவரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘நலவாழ்வு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் பிடிபடும்.

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவைதான் தலைமுறை தலைமுறையாக மலையாளி மக்களின் சாப்பாடு. கடந்த சில பத்தாண்டுகளில் அந்தப் பயிர்கள் சரசரவென்று குறைந்துபோயின. அந்த நிலங்களில் மரவள்ளிக்கிழங்கு வந்தது. காரணம் எளிது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவை. கிழங்கு போட்டால் கையில் காசு. சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அந்த அரிசி, 2011 ஜூன் முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பசியை விரட்டிய அந்தத் திட்டத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அது வந்த பிறகு சாமைக்கு வீட்டில் இருந்த இடம் போனது என்பதும் உண்மை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்கிறது. பாரம்பரிய விதைகள் அழிந்துவிடக் கூடாது என்பதுதான் நிறுவனத்தின் கவலை. விஞ்ஞானியின் பார்வையில் இது விதைப் பிரச்சினை, விளைச்சல் பிரச்சினை, விலைப் பிரச்சினை. அவை எல்லாம் இருந்தன. ஆனால் கிராமத்துப் பெண்களோடு பேசியபோது வந்த பதிலில் இன்னொன்றும் இருந்தது: சாமையைக் குத்தி அரிசியாக்குவது யார்?

சாமையின் மேல்தோல் கெட்டியானது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். கேழ்வரகு என்றால் திருகையில் அரைக்க வேண்டும். காட்டு வேலை முடிந்து வந்த பெண் மணிக்கணக்கில் இதைச் செய்தால்தான் ஒரு வேளைச் சோறு. ரேஷன் அரிசி வந்ததும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு விட முடிந்தது. நகரத்துக்காரர் ‘பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்களே’ என்று வருத்தப்படுகிறார். அந்த வருத்தத்தில் உலக்கை பிடித்த கைக்குக் கணக்கு இல்லை.

ஆகவே செய்த வேலைகளில் முக்கியமானது, ஊருக்குள் தோல் நீக்கும் இயந்திரங்களை வைத்ததும் அவற்றைச் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டதும்தான். பிறகு சாமை அரிசி, ரவை, சத்துமாவு என்று பாக்கெட் போட்டு விற்கும் வழியும் வந்தது. காப்பது, பயிரிடுவது, சாப்பிடுவது, விற்பது என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பயிர் பிழைக்கும் என்று அந்த நிறுவனம் தன் அணுகுமுறையை வகுத்துக்கொண்டது. இதெல்லாம் நடந்தும் மரவள்ளி மலையை விட்டுப் போய்விடவில்லை. பணம் அங்கேதான் இருக்கிறது. ஒரே பயிரை நம்பும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 2020-ல் வெளிநாட்டு மாவுப்பூச்சி தாக்கியபோது சேலம், நாமக்கல் வட்டார மரவள்ளி விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பூச்சியை அழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கீழே காற்று மாறிவிட்டது. மத்திய அரசு 2018-ல் சிறுதானியங்களை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவித்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐ.நா. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. சர்க்கரை நோய்க்குப் பயந்த நகரத்துக் குடும்பங்கள் சாமைச் சோற்றுக்கு மாறுகின்றன. ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டது பணக்காரரின் பத்தியமாகிவிட்டது. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் விலை ஏறிய அளவுக்கு மலையில் விளைவித்தவருக்கு ஏறியதா என்று எந்த நலவாழ்வுப் பேட்டியிலும் கேட்கப்படுவதில்லை.

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். மனநலம், தன்னம்பிக்கை, முன்னேற்றம் என்ற பேச்சுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு தொழில் அங்கே இருக்கிறது.

நாமக்கல்லுக்கு இரண்டு புகழ் உண்டு. ஒன்று கோழிப்பண்ணை, இன்னொன்று விடுதியோடு கூடிய தனியார் பள்ளி. இரண்டையும் சேர்த்து ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். அதைவிடக் கச்சிதமான ஆய்வு முடிவை எந்த நிபுணரும் எழுதவில்லை. தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். நம் சமுதாயத்துப் பெற்றோரும் அதில் அடக்கம். வளைகுடாவில் வெயிலில் நின்று அனுப்பிய பணம் அங்கே கட்டணமாகப் போனது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்ய வைப்பது, விடிவதற்கு முன் எழுப்பி இரவு வரை படிப்பு, வாரம் தவறாமல் தேர்வு.

அரசு சில முடிவுகளை எடுத்தது. 2017-ல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பிளஸ் ஒன் பாடத்தை யாரும் தாண்டிப்போகக் கூடாது என்று அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. மாணவர் சுமை குறையும் என்பது அரசு சொல்லும் காரணம். பிளஸ் ஒன் பாடம் மறுபடி ஓரம் கட்டப்படாமல் பார்த்துக்கொள்வது யார் என்பதற்கு இனிமேல்தான் பதில் தெரியும். இடையில் நீட் வந்தது. மதிப்பெண் தொழிற்சாலைகள் பல நீட் பயிற்சி மையங்களாகப் பலகையை மாற்றிக்கொண்டன.

ராஜஸ்தானின் கோட்டா நகரம் இந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று காட்டியது. மாணவர் தற்கொலைகள் தொடர்ந்ததால் 2023 ஆகஸ்டில் விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. பிள்ளையின் மனச்சுமையைக் குறைக்கும் முன் மின்விசிறியைத் திருத்தினார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் இது பற்றி 15 வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிப்பதையும் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் பயிற்சி மையங்கள் தவிர்க்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

ஆனால் ஆலோசகர்களுக்கு எங்கே போவது? இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு இருக்கும் மனநல மருத்துவர்கள் 0.75 பேர்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அதாவது, மனஅமைதி பற்றிப் பேசுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாட்டில், மனம் உடைந்தவரைப் பார்க்க ஆள் இல்லை. சமவெளியிலேயே இப்படி என்றால் 70 வளைவுகளுக்கு மேலே இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பெற்றோரைப் பிரிந்து தங்கியிருக்கும் மலையாளிப் பிள்ளைக்கும் அதே 15 நெறிகள் பொருந்தும். அங்கே ஆலோசகரை வைப்பது அரசின் வேலை. வருகிற ஆண்டில் நாம் கேட்டுப் பெற வேண்டிய கணக்கு இது.

நம் சமுதாயத்துக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் இறந்தார்கள். 28 உயிர்கள். குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றோடொன்று மோதத் தேவையில்லை என்ற அடிப்படையில் அதே ஊரில் மனநலச் சிகிச்சை ஏற்பாடுகளும் வந்தன. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இதை யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘ஈமான் பலவீனம்’ என்று ஒரே சொல்லில் மனச்சோர்வை மூடிவைக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தனிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பின் 2025 அறிக்கை, ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது. அதோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000. இதற்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை. கொல்லிமலைப் பெண்களுக்கு இயந்திரம் மிச்சப்படுத்தியது நேரத்தை மட்டுமல்ல. குழுவாகக் கூடுவதற்கும் வரவு செலவு பேசுவதற்கும் அது ஒரு காரணமாகவும் ஆனது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ‘உன்னை நீ மாற்று’ என்று தனியாளிடம் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகம். ஒருவருடைய பொழுது எங்கே போகிறது, முதுகு எதனால் வலிக்கிறது, கடன் எவ்வளவு என்று கேட்காமல் அவருக்கு நேர மேலாண்மை வகுப்பு எடுப்பதில் பயனில்லை.

அடுத்த ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்களில் மறுபடி முகாம்கள் நடக்கும். மேடையில் வழக்கமாக வருபவர் வெற்றி பெற்ற ஒருவராகவோ உரத்துப் பேசத் தெரிந்த ஒருவராகவோ இருப்பார். ஒரு நாற்காலியை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருக்கோ உளவியல் ஆலோசகருக்கோ ஒதுக்கலாம். ஜமாஅத் பெயரில் கடிதம் கொடுத்து மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். இன்னொரு பாதி நேரத்தில் பேச்சாளர்கள் கீழே உட்கார்ந்து, பெற்றோரும் பிள்ளைகளும் பேசட்டும். முதல் கேள்வியாக ‘எத்தனை மார்க்?’ வேண்டாம், ‘ராத்திரி தூக்கம் வருகிறதா?’ என்று தொடங்கலாம்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்தில் இந்த ஐந்து இலக்கங்களை எழுதி வைக்க நிர்வாகக் குழுவின் தீர்மானம்கூடத் தேவைப்படாது.