சாம்பியனுக்கு மட்டும்தானா கேரம் சங்கம்? தெருமுனைப் பலகையையும் எட்டிப் பார்க்கட்டும்!

காசிமேடு, ராயபுரம், வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை. இந்தப் பக்கம் ராத்திரி 8 மணிக்கு மேல் நடந்து போகிறவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு சந்தில் குண்டு பல்பு தொங்கும். கீழே கேரம் பலகை. சுற்றிலும் பத்துப் பேர். ஆடுகிறவர்கள் நாலு பேர். யோசனை சொல்கிறவர்கள் ஆறு பேர்!

மீன் விற்றுவிட்டு வந்தவர், மளிகைக் கடைப் பையன், லோடு ஆட்டோ டிரைவர், ஆபீசில் பேரேடு எழுதிக் களைத்த குமாஸ்தா. எல்லாரும் அங்கே சமம். காய் குழியில் விழுந்தால் போதும்.

இவர்களில் எத்தனை பேர் கேரம் சங்கத்தில் உறுப்பினர்? கேட்டுப் பாருங்கள். "சங்கமா? அது போட்டிக்குப் போறவங்களுக்குங்க. நமக்கு எதுக்கு?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

இங்கேதான் கோளாறு.

சென்னைக்கும் கேரமுக்கும் உள்ள உறவு சாதாரணமானது அல்ல. உலக நாடுகளுக்கான கேரம் சம்மேளனம் 1988-ல் பிறந்ததே இந்த ஊரில்தான். 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம், அர்ஜுனா விருது வாங்கியவர், சென்னைக்காரர். 2008-ல் பிரான்சில் பெண்கள் பட்டத்தைத் தட்டி வந்த இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்கா போய் 3 தங்கம் கொண்டு வந்த காசிமா, வட சென்னை ஆட்டோ டிரைவரின் மகள்! தமிழக அரசு ரூ.1 கோடி பரிசு கொடுத்துப் பாராட்டியது.

இவர்கள் எல்லாம் குளுகுளு அறையில் வளர்ந்தவர்கள் அல்ல. சந்தும் மன்றமும் வளர்த்த பிள்ளைகள். அந்தச் சந்தைச் சங்கம் மறந்துவிட்டால் அடுத்த காசிமா எங்கிருந்து வருவார்?

இரண்டு ஆட்டம்

தெருவில் ஆடுவது ஓர் ஆட்டம். போட்டியில் ஆடுவது வேறு ஆட்டம். இது பலருக்குத் தெரியாது.

தெருவில் கறுப்புக்கு ஒரு கணக்கு, வெள்ளைக்கு ஒரு கணக்கு, சிவப்புக்கு 50 என்று போகும். சந்துக்குச் சந்து கணக்கு மாறும். போட்டியில் அப்படி இல்லை. எதிராளி விட்டு வைத்த காய் ஒன்றுக்கு ஒரு புள்ளி. சிவப்புக்கு 3 புள்ளி. 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் அந்த 3-ம் கிடையாது. 25 புள்ளி அல்லது 8 போர்டு, அதோடு ஆட்டம் முடிந்தது.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் கனக்கக் கூடாது. கோட்டில் வைக்கும்போது இரண்டு கோட்டையும் தொட்டிருக்க வேண்டும். ஓரத்து வட்டத்தில் வைத்தால் வட்டத்தை முழுசாக மூட வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுந்து நின்று அடிக்கிற ஜோலி எல்லாம் அங்கே நடக்காது.

தெருவில் புலியாக இருந்தவர் முதல் போட்டிக்குப் போகிறார். கனமான ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக் கொண்டு போகிறார். "இது செல்லாது" என்கிறார்கள். பழகாத ஸ்ட்ரைக்கரை வாங்கி ஆடித் தோற்கிறார். அப்புறம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. ஆட்டம் தெரியாமலா தோற்றார்? விதி தெரியாமல் தோற்றார்!

ஒரே ஒரு தாள். விதிகளை நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து மன்றத்துக்கு மன்றம் ஒட்டினால் என்ன? செலவு எவ்வளவு ஆகிவிடும்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு நடுவரை அனுப்பி நாலு ஆட்டம் நடத்திக் காட்டலாம். சரியான எடையில் இரண்டு ஸ்ட்ரைக்கரைக் கொடுத்து, "ஒரு மாசம் ஆடிப் பாருங்கப்பா" என்று சொல்லலாம். இதற்கு அரசு உத்தரவா வேண்டும்?

யாருக்கு என்ன லாபம்?

சந்தா கட்டு என்றால் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பான். நியாயமான கேள்விதான். மாநிலத் தரவரிசை அவனுக்கு வேண்டாம். சர்டிபிகேட்டும் வேண்டாம். வேலை முடிந்து வந்தால் வளையாத பலகை, கொஞ்சம் பவுடர், தன் தரத்தில் ஓர் எதிராளி. இவ்வளவுதான்.

பகலில் போட்டி வைத்தால் கடைக்காரர் எப்படி வருவார்? ராத்திரி 8 மணிக்கு மேல் வையுங்கள். முதல் சுற்றிலேயே மாநில வீரரோடு மோதவிட்டால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கட்டின பணத்துக்கு அவன் நாலு ஆட்டமாவது ஆட வேண்டாமா? இதுவரை எந்தப் போட்டியிலும் ஜெயிக்காதவர்களுக்கு என்று தனிப் பிரிவு வைத்தால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. தோற்றவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அடுத்த வாரம் தம்பியையும் கூட்டிக் கொண்டு வருவான்.

பந்தயம் கட்டி ஆடுகிற இடங்களும் உண்டு. மறைப்பானேன்? அவர்களால் சும்மா ஆடுகிறவனுக்கும் கெட்ட பேர். கேரம் என்றாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "இங்கே பணம் வைத்து ஆடுவதில்லை" என்று ஒப்புக்கொள்ளும் மன்றங்களுக்குச் சங்கமே ஒரு போர்டு மாட்டட்டும். போலீசும் புரிந்துகொள்ளும், பெற்றோரும் பயப்பட மாட்டார்கள்.

பெண்கள் எங்கே ஆடுவது?

உலகப் பட்டம் வாங்கி வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் பாருங்கள். ஆனால் ராத்திரி தெருப் பலகையில் ஒரு பெண்ணாவது உட்கார முடிகிறதா? அப்பாவோ அண்ணனோ சொல்லிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாநகராட்சிப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம் இடம் கேட்டு வாங்கித் தரச் சங்கத்தால்தான் முடியும். தனி ஒரு பெண் போய்க் கேட்டால் யார் சாவி கொடுப்பார்கள்?

நிர்வாகிகளை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. பலர் சொந்த வேலையை விட்டுவிட்டு, கைக்காசைப் போட்டு ஓடுகிறவர்கள். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, அணித் தேர்வு என்று வருஷம் ஓடிவிடும்.

ஆனால் இன்னொரு எதிராளி வந்துவிட்டான். செல்போன்! பையன்கள் கண்ணாடித் திரையைத் தடவிக் கேரம் ஆடுகிறார்கள். விரல் வலிக்காது, பவுடர் வேண்டாம், ஆள் தேட வேண்டாம். சந்தா கேட்டு எந்தச் சங்கமும் அங்கே வருவதில்லை. பலகையில் உட்கார ஆள் இருக்கும்போதே சங்கக்காரர்கள் ஒரு ராத்திரி காசிமேட்டுப் பக்கம் வந்து பார்க்கட்டும். ஸ்டூல் போடுவார்கள்.