தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?



"கரியைப் பாலில் கழுவினாலும் வெள்ளையாகாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அதே கரிதான் மங்கிப்போன தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறது. போன மாதச் சுவர் இதழில் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவுத் தோழி ஒருத்தி, நம் பள்ளி மீன் தொட்டிக்கு மாதாமாதம் ஆக்டிவேட்டட் கார்பன் வாங்கிப் போட வேண்டும், அதற்கு ஆளுக்கு இரண்டு ரூபாய் வசூல் பண்ணலாம் என்று எழுதியிருந்தாள். படித்தவர்கள் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கு என்ன பொறாமையா?" என்றுகூடக் கேட்டார்கள். பொறாமை இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

நான் செய்த தப்பு

எங்கள் வீடு ஒரகடம் பக்கத்தில் ஒரு வரிசை வீடு. அப்பா ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சென்னை கொளத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொளத்தூர் என்றாலே வண்ண மீன்தான். நாலு கோல்டு பிஷ், ஒரு இரண்டடித் தொட்டி, மோட்டார் வைத்த ஒரு பில்டர், அதற்குள் வைக்க ஒரு பொட்டலம் கரி, எல்லாம் வாங்கி வந்தார்கள். "இந்தக் கரி இருந்தா தண்ணியே மாத்த வேணாம்" என்று கடையில் சொன்னார்களாம்.

பதினைந்து நாளில் மீன்கள் மேல் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. அப்பா வேலை விட்டு வரும்போது நீல நிற மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். ராத்திரி ஊற்றினோம். தொட்டி முழுக்க இங்க் கொட்டினது போல ஆனது. காலையில் எழுந்து பார்த்தால் நீலம் வெளுத்துத் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. நான் தம்பியைக் கூப்பிட்டு, "பாருடா, நம்ம கரி எப்படி சுத்தம் பண்ணிடுச்சு! இனிமே மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். அவனும் நம்பினான். நாலாவது நாளுக்குள் மூன்று மீன் செத்துப்போய்விட்டது. தம்பி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. "நீதானே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு அறிவியல் சாரிடம் கேட்டேன். சார் சொன்னது இதுதான்: "மருந்தைக் குடிச்சது மீன் இல்லம்மா, கரி." அந்த நீல மருந்து மெத்திலீன் நீலம். கரி நல்ல கரியா என்று சோதிப்பதற்கே, அது எவ்வளவு மெத்திலீன் நீலத்தை இழுக்கிறது என்று அளந்து பார்ப்பார்களாம். மருந்து போடும்போது கரியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தண்ணீர் தெளிவானதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட நேரத்தில், மருந்து பில்டருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கரி என்ன செய்யும், என்ன செய்யாது?

கரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. தேங்காய்க் கொட்டாங்குச்சியைக் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 டிகிரிக்கு மேலான சூட்டில் நீராவி செலுத்துவார்கள். அப்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும். ஒரே ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நாம் விளையாடும் பெண்கள் கபடி மைதானம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், ஆகமொத்தம் 96 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு கிராம் கரிக்குள் பத்து கபடி மைதானம்! அந்தச் சுவர்களில் சாயம், நாற்றம், மருந்து, குளோரின் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். அடுப்புக்கரியில் இத்தனை துளை இல்லை. அதனால் அடுப்புக்கரியைப் போட்டால் இந்த அளவுக்கு வேலை செய்யாது.

ஆனால் மைதானம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆள் நிறைந்துவிட்டால் இடம் கிடையாதுதானே! அப்பா வேலையில் போடும் முகமூடியின் இரண்டு பக்கமும் இந்தக் கரிதான் இருக்கிறது. பெயின்ட் வாடையை அது பிடித்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் விஷவாயுவிலிருந்து சிப்பாய்களைக் காப்பாற்றியதும் கரி முகமூடிதான். "நிறைஞ்சதுக்கப்புறம் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்" என்று அப்பா சொல்வார். மீன் தொட்டிக் கரியும் சில வாரங்களில் நிறைந்துவிடும். எங்கள் அம்மா அதைக் கொதிக்க வைத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டார்கள். அதனால் பயன் இல்லை. மறுபடி புதிதாக்க உலையில் வைக்கிற மாதிரி சூடு வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மீன் கழிவிலிருந்தும், அது மூச்சு விடும் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. மீனுக்கு அதுதான் பெரிய விஷம். அதற்கு நிறம் கிடையாது. கரி அதைப் பெரிதாகப் பிடிக்காது. அதைச் சாப்பிடுவது பாக்டீரியாக்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை ஆபத்து குறைந்த நைட்ரேட் ஆக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கின்றன. மிச்சமாகும் நைட்ரேட்டை வெளியேற்ற நாம்தான் தண்ணீர் மாற்ற வேண்டும்.

இதை நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. சார் முன்னிலையில் நாங்கள் செய்தோம். ஒரு பாட்டில் தண்ணீரில் நாலு சொட்டு இங்க், ஒரு ஸ்பூன் உப்பு போட்டோம். கரித்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வடிதாளில் வடிகட்டினோம். தண்ணீர் வெள்ளையாக வந்தது. "சுத்தமாயிடுச்சு!" என்று எல்லோரும் கத்தினார்கள். சார் அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிச் சூடாக்கச் சொன்னார். தண்ணீர் வற்றியதும் அடியில் உப்பு அப்படியே நின்றது. நிறம் போனது, உப்பு போகவில்லை. தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

நம் பள்ளித் தொட்டியில் என்ன நடந்தது?

அரைப் பரீட்சை முடிந்து நாம் எல்லோரும் சேர்ந்து தொட்டியைக் கழுவினோம். யார் மேலும் பழி போடவில்லை, நானும்தான் தேய்த்தேன். பஞ்சு, கூழாங்கல் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கசக்கினோம். அன்றைக்குக் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. அதில் உள்ள குளோரின் கிருமியைக் கொல்லும். கூடவே நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பிறகு புதுக் கரி போட்டு, தண்ணீர் பளபள என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் ஐந்து மீன் மிதந்தது. "கரி பத்தல" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மோனியாவைச் சாப்பிடுகிறவர்களை நாமே கழுவி ஊற்றிவிட்டோம்.

மாதம் ஒரு பொட்டலம் என்ன பெரிய செலவா என்று கேட்கலாம். கரி சும்மா வருவதில்லை. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியைக் குழியில் போட்டுச் சுடுகிறார்கள். அதை அணைக்க ஊற்றும் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணறு கெட்டுப்போகிறது என்று அங்கே விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். தேவைக்கு வாங்கலாம். தேவையில்லாமல் மாதாமாதம் வாங்கிக் குப்பையில் போடலாமா?

என் யோசனை

வசூல் பண்ணுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பணத்தில் அம்மோனியா பார்க்கும் சோதனைத் திரவம் ஒன்றும், மூடி போட்ட பக்கெட் ஒன்றும் வாங்குவோம். கரி ஒரே ஒரு பொட்டலம் வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைப்போம். மற்றவை எல்லாம் நம் கையால் செய்வது:

1. நம் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அதாவது சுமார் 56 லிட்டர். வாரம் கால் பங்கு, 14 லிட்டர் மாற்றினால் போதும். ஏறக்குறைய ஒரு குடம்தான்.
2. ஊற்றும் தண்ணீரை முதல் நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்தால் பிளீச்சிங் பவுடரின் குளோரின் பெரும்பாலும் போய்விடும். பிறகு மூடிக்கொள்ளலாம்.
3. பஞ்சைக் குழாயில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். கூழாங்கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவக் கூடாது.
4. மருந்து போட்டால் கரியை எடுத்துவிட வேண்டும். மருந்து நாட்கள் முடிந்த பிறகு, மிச்ச மருந்தை எடுக்கக் கரி போடலாம். மரக்கட்டையால் தண்ணீர் பழுப்பானாலும், நாற்றம் வந்தாலும் போடலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.
5. ஆளாளுக்குப் பொரி, பிஸ்கட் போடுவதை நிறுத்த வேண்டும். மிஞ்சுகிற தீனியும் அழுகி அம்மோனியாதான் ஆகும்.

இதற்கு முறை வைத்துப் பட்டியல் போட வேண்டும். முதல் வாரம் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கரியை நம்பினால் நமக்கு வேலை மிச்சம், அதனால்தான் எல்லோருக்கும் அந்த யோசனை பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரு மீன் இப்போதும் இருக்கிறது. கரி இல்லாமல் மறுபடி மருந்து போட்டோம். புள்ளி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பிதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். தண்ணீர் தெளிவாக இருந்தால்கூட, "அக்கா, தெளிவா இருக்கு, ஆனா நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தீனி போடுகிறான்.

என் கருத்து தப்பு என்றால் அடுத்த மாத இதழில் எழுதுங்கள். 'அ' பிரிவுத் தோழியே முதலில் எழுதினால் சந்தோஷப்படுவேன்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி