பாதி விலைக்கு வரும் வேகமான கார்



போடிநாயக்கனூரிலிருந்து ஒரு தகப்பனார் இம்மாதம் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகன் சென்னையில் கணினித் துறையில் பணிபுரிகிறார். கொச்சியில் ஒருவர் விற்கவிருக்கும் 2017-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரை வாங்கி, மூணாறு, பூப்பாறை வழியாகப் போடிமெட்டில் இறங்கி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு வந்து சேர வேண்டும் என்பது அந்த வாலிபருடைய வாஞ்சை. கையிலுள்ள பணம் போதாததால், தங்கையின் திருமணத்திற்கென்று குடும்பமாகச் சேர்த்து வைத்ததில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஓராண்டில் திருப்பி வைத்துவிடுவதாகக் கூறுகிறாராம். "எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது; அந்த மலைப்பாதையை மட்டும் தெரியும். நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார் தகப்பனார்.

முதலாவது, மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் தெரிந்துகொண்டது மட்டமான கார் அன்று. 2017-இல் அது 24.62 இலட்சம் ரூபாய்க்கு வந்தது; 230 குதிரைத்திறன் கொண்டது; நின்ற நிலையிலிருந்து 6.8 விநாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவது. 2020-இல் அதன் அடுத்த வடிவம் 200 கார்கள் மட்டும் 35.99 இலட்சத்திற்கு வந்தது. 2025 அக்டோபரில் மீண்டும் 100 கார்கள், ஒவ்வொன்றும் 49.99 இலட்சத்திற்கு வந்து, முன்பதிவிலேயே தீர்ந்துபோயின. ஆகவே அந்தப் பழைய காரின்மேல் வாலிபர்களுக்குக் கண் விழுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கார் பாதி விலைக்கு வருகிறதேயன்றி, அதன் உதிரி பாகங்கள் பாதி விலைக்கு வருவதில்லை. இதைத்தான் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை. எட்டு இலட்சம் ரூபாய் புதுக்காருக்குரிய பிரேக் டிஸ்க் வேறு. எட்டு இலட்சத்திற்கு வாங்கிய, ஆனால் இருபத்தைந்து இலட்சத்திற்கென்று செய்யப்பட்ட காரின் பிரேக் டிஸ்க் வேறு. டயரும் அப்படியே, டர்போவும் அப்படியே. இந்தக் காரிலுள்ள இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸுக்குப் பொதுவாக 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும். விற்பவர் அதற்கான ரசீதைக் காட்டாவிட்டால், மாற்றவில்லை என்றே எண்ணிக்கொள்வது நல்லது. இதே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த வோக்ஸ்வேகன், இவ்வகை கியர்பாக்ஸில் கண்ட கோளாறினால் 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை, ஆர்.எஸ். காரிலுள்ளது எண்ணெயில் மூழ்கிய வகை, அதைவிட உறுதியானது. எனினும் எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் எந்த உறுதியும் நிலைக்காது.

இப்போது தகப்பனாருக்குத் தெரிந்த அந்தப் பாதைக்கு வருவோம். போடிமெட்டுக்கும் போடிக்கும் இடையே பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் இறங்க வேண்டும். வேகமான கார் மலையேறுவதில் பெருமை கொள்ளும். அதன் பழுது வெளிப்படுவது இறங்கும்போதுதான். சிறு கணக்கு ஒன்று சொல்லுகிறேன். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வாகனம் இழக்க வேண்டிய ஆற்றல், அதே வாகனத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் இன்ஜினும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மற்றதெல்லாம் பிரேக்கில் சூடாக மாறும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்போ 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்போது பிரேக் மிதி பஞ்சுபோல் தரைவரை அமிழ்ந்துபோகும், வண்டி நில்லாது. சென்னை நகர நெரிசலில் இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. பத்தாவது வளைவிலோ பன்னிரண்டாவது வளைவிலோ தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த ஆயிலுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. அதை மாற்றாமல் விட்டுவிட்டு, புகைபோக்கியில் சத்தம் கூட்டுவதற்கு எண்பதாயிரம் செலவு செய்த காரை வாங்குகிறவர்கள் உண்டு! விலை பேசும்போது அந்த எண்பதாயிரத்தையும் சேர்த்தே கேட்பார்கள்.

தானியங்கி கியர் ஆயினும், இறங்கும்போது கையால் இரண்டாம் கியரில் நிறுத்திவைக்கலாம் என்பதை அந்த வாலிபர் அறிந்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டைகள் ஆழமாயிருந்தாலும், ஆறேழு ஆண்டான ரப்பர் மழையில் பிடிக்காது. மெட்டில் மழையும் மூடுபனியும் சேர்ந்தே வரும்.

கேரளப் பக்கம் வேறொரு சோதனை இருக்கிறது. மூணாறு – போடிமெட்டு சாலை விரிவாக்கப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 42 கிலோமீட்டர், அகலமான, வழுவழுப்பான சாலை. அதில் கால் தானாகவே அழுத்தும். பூப்பாறையைக் கடந்து மெட்டை எட்டியதும், தமிழகப் பக்கம் குறுகி வளையும் பழைய மலைப்பாதை தொடங்குகிறது. அந்த இடத்தில் வேகத்தை விட்டுவிட மனம் இணங்குவதில்லை என்பதே ஆபத்து.

அந்தப் பாதையில் நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் கவனித்திருப்பீர்கள். அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அந்த ஓட்டுநர்கள் ஏன் ஜீப்பையே தெரிந்துகொண்டார்கள்? பழுதானால் போடியிலோ பூப்பாறையிலோ அன்று மாலைக்குள் சரிசெய்துவிடலாம். மேற்படி கார் வளைவில் நின்றுவிட்டால், இழுத்துச் செல்லும் வண்டியில் ஏற்றி மதுரைக்கோ கொச்சிக்கோ அனுப்ப வேண்டியதுதான்.

கார் கேரளப் பதிவு, வாங்குகிறவர் சென்னைவாசி. ஆகவே காகிதங்களையும் நிதானித்துப் பார்க்க வேண்டும். கேரள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இன்படி தடையில்லாச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29-உம் 30-உம். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அப்போது தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 20 இலட்சத்திற்கு மேற்பட்ட புதுக்காருக்கு இது 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும். குறைந்தாலும் அது சிறிய தொகையன்று. கேரளத்தில் மீதியுள்ள வரியைத் திரும்பக் கேட்கலாம். வருவதற்குப் பொறுமை வேண்டும்.

புதுச்சேரி எண்ணுள்ள கார் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. 2017-இல் கேரளத்தின் பிரபலர்கள் சிலர், வரியைத் தவிர்க்கப் புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்து ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்ததாக வழக்குகளைச் சந்தித்தனர். 2025 செப்டம்பரில் கொச்சிச் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தி, பூட்டான் வழியாகச் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டதாகக் கருதிய பழைய உயர்ரகக் கார்களைப் பறிமுதல் செய்தது. வாங்கியவர்களில் சிலர், நல்லெண்ணத்துடன் முழு விலை கொடுத்தே வாங்கினோம் என்றார்கள். எனினும் கார் சுங்கத்துறையின் முற்றத்தில் நின்றது.

விற்கிறவருக்கும் ஒரு சொல். 2018-இல் உச்ச நீதிமன்றம், கார் கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. ஆகையால் நேர்மையாய் விற்கிறவர் பெயர் மாற்றத்திற்கு உங்களைவிட அவசரப்படுவார். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறவரிடம் ஏதோ இருக்கிறது. காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இடையில் ஒன்று. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர், கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-இல் உலகத்தின் அதிவேகக் கார்களில் ஒன்றை ஓட்டிய அவர், 2020-இல் கோவையில் தொடங்கிய தொழில், பயன்படுத்திய இரு சக்கர வாகனங்களைச் சோதித்து, பழுது நீக்கி விற்பது.

தகப்பனாரின் கேள்விக்கு என் பதில் இது. தங்கையின் பணத்தைத் தொட வேண்டாம். ஓராண்டில் திருப்பி வைப்பேன் என்பது மனப்பூர்வமான வார்த்தையாகவே இருக்கலாம். ஆனால் இவ்வகைக் காருக்கு முதலாம் ஆண்டுதான் செலவு மிகுந்த ஆண்டு. வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்கையாவது பழுதுபார்ப்பதற்கென்று தனியே வைக்க முடிந்தால் மட்டும், மகன் தன் சொந்தச் சேமிப்பில் வாங்கட்டும். அதற்கு முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் பணம் கட்டிக் காரைத் தூக்கிப் பார்த்து, கணினியில் கோளாறுப் பதிவுகளையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒப்பிட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். விற்பவர் இதற்கு இணங்காவிட்டால் முன்பணம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

காகிதங்கள் முடிய எப்படியும் கிறிஸ்துமஸ் கடந்துவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் இரயில் ஓடுகிறது. இப்போதே முன்பதிவு செய்துவிடச் சொல்லுங்கள்.