ஆளில்லாத தீவா? ஆளை விரட்டிய தீவா?

பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களின் பயணக் கதைகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். தென்னை மரம், வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர், மனித வாடையே இல்லாத தீவு. நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஆனந்தமாகக் கிடந்தோம் என்பார்கள். படிக்கிறவர்களுக்கு ஏக்கமாக இருக்கும். ஆனால் அந்தத் தீவில் ஏன் ஆளில்லை? அதை மட்டும் பலர் கேட்பதே இல்லை.

மாலத்தீவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவே இருக்கிறது சாகோஸ் தீவுக்கூட்டம். அதில் சாலமன் என்பது வளையம் போட்ட மாதிரி அமைந்த குட்டிக் குட்டிப் பவளத் தீவுகள். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் படகுக்காரர்களுக்கு அது சொர்க்கம். வடமேற்குக் காற்று வீசினால் போடம் தீவின் ஓரம், தென்கிழக்குக் காற்று தொடங்கினால் எதிர்ப்பக்கம் தக்கமாக்கா தீவின் ஓரம். இப்படி நங்கூரத்தை மாற்றி மாற்றிப் போட்டு மாதக்கணக்கில் தங்கினார்கள். போடத்தில் இறங்கினால் இடிந்த தேவாலயம், கிணறு, கல்லறைகள். கல்லறை இருந்தால் செத்தவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். அவர்களுடைய பிள்ளைகுட்டிகள் எங்கே போனார்கள்?

எங்கும் போகவில்லை, விரட்டப்பட்டார்கள்! 1965-ல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்தது. டியகோ கார்சியாவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் வேண்டும் என்பதுதான் காரணம். தென்னந்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த 1,500 பேருக்கு மேல் 1968-க்கும் 1973-க்கும் இடையே வெளியேற்றப்பட்டு, மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். டியகோ கார்சியாவில் அவர்கள் ஆசையாக வளர்த்த நாய்களைக் கொட்டகையில் அடைத்துப் புகை போட்டுக் கொன்றார்கள். தளம் இருப்பது டியகோ கார்சியாவில். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற சாலமன் மக்களையும் ஏன் விரட்ட வேண்டும்? கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடி இருக்கக் கூடாது என்று 1966-லேயே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் குறிப்பு எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த மண்ணில் பிறந்தவர்கள் பெற்றோரின் கல்லறையைப் பார்க்கக்கூட 2006 வரை காத்திருந்தார்கள். அப்போதும் சுமார் 100 பேருக்குச் சில நாள் பயணம், அத்தோடு சரி. படகுக்காரர்களுக்கோ பின்னாளில் விதிகள் இறுகியபோதும் வாரத்துக்கு 50 பவுண்டு கட்டணம், காப்பீடு, அதிகபட்சம் 28 நாள். பிறந்தவனுக்குத் தடை, சுற்ற வந்தவனுக்கு ரசீது!

பவளப்பாறையைக் காக்கத்தான் மக்களை விடவில்லை என்பார்கள் சிலர். 2010-ல் அங்கே பிரமாண்டமான கடல் பாதுகாப்புப் பகுதியும் அறிவித்தார்கள். சரி, காற்று திரும்பும்போது படகும் திரும்பும், சங்கிலி தரையில் இழுபட்டுப் பவளத்தை உடைக்கும் என்பது படகோட்டும் எல்லோருக்கும் தெரியும். விமான ஓடுதளத்துக்காக டியகோ கார்சியாவில் பவளத்தை வெடிவைத்துத் தோண்டினார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இந்தப் பாதுகாப்புப் பகுதி வந்தால் மக்கள் திரும்பி வருவது கடினம் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் சொன்னதும் விக்கிலீக்ஸில் வெளிவந்துவிட்டது.

இன்னொரு படகின் கதையும் உண்டு. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் 89 பேர் ஒரு மீன்பிடிப் படகில் தத்தளித்தபோது, பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியகோ கார்சியாவுக்குக் கொண்டுபோனது. குழந்தைகளோடு கூடாரத்தில் அடைத்து வைத்தார்கள். மீதியிருந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குப் போனது 2024 டிசம்பரில். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றமும் அந்த மாதம்தான் சொன்னது. ஆக, கடலில் யார் வந்தாலும் ஒரே சட்டம் என்பதெல்லாம் சும்மா.

படகில் சுற்றுவது குற்றமா? இல்லை. புயலுக்கும் பழுதுக்கும் ஒதுங்க இடம் கொடுப்பது கடல் தர்மம், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் உல்லாசத்துக்காக நங்கூரம் போடுகிறவனுக்கு முன்னால் ஊர்க்காரன் வீடு திரும்ப வேண்டும். 2019-ல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனின் ஆட்சியைச் சட்டவிரோதம் என்றது. 2025 மே 22-ல் இறையாண்மையை மொரிஷியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டியகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகைக்கு! தங்களைக் கேட்காமலே பேரம் முடித்தார்கள் என்று சாகோஸ் மக்களில் பலர் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

அடுத்த முறை யாராவது ஆளில்லாத தீவு என்று ஆசையாக எழுதினால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கிணற்றை வெட்டியது யார்?