பூனைக்கு சுகரா? இன்சுலின்ல மிச்சம் பிடிக்காதீங்க, தெரிஞ்சு செலவு பண்ணுங்க

டேர்ம் இன்சூரன்ஸ், தங்கம், எஸ்ஐபின்னு பேசுற இடத்துல இன்னைக்கு பூனையைப் பத்தி பேசப் போறோம். சிரிக்காதீங்க. வீட்டுப் பூனைக்கு சர்க்கரை நோய்னு டாக்டர் சொன்னா, அது மாசாமாசம் வரும் ஒரு செலவு. கிட்டத்தட்ட ஒரு ஈஎம்ஐ மாதிரி. அதுக்கு பட்ஜெட் போடத் தெரியாம பாதியில நிறுத்துறவங்கதான் கடைசியில பணத்தையும் இழக்குறாங்க, பூனையையும் இழக்குறாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த நோயில் முதல் 3 மாசம் தாராளமா செலவு பண்றதுதான் உண்மையான சிக்கனம். ஏன்னு பார்ப்போம்.

முதல் 3 மாசம் ஏன் முக்கியம்?

பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனுஷங்களோட டைப் 2 மாதிரி. குண்டான பூனை, வயசான பூனை, குடும்பக் கட்டுப்பாடு பண்ண ஆண் பூனை, அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்ட பூனைன்னா ஆபத்து அதிகம். தண்ணி நிறைய குடிக்கும், மண் டப்பா சீக்கிரம் நனையும், நல்லா சாப்பிட்டும் இளைச்சுக்கிட்டே போகும்.

ஆனா ஒரு நல்ல செய்தி இருக்கு. நோயை சீக்கிரம் கண்டுபிடிச்சு, ஒழுங்கா இன்சுலின் போட்டு, மாவுச்சத்து குறைஞ்ச சாப்பாடு கொடுத்தா, கணிசமான பூனைகளுக்கு சில மாசத்துல இன்சுலினே தேவைப்படாத நிலை வருது. திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு, அதனால கண்காணிப்பு தொடரணும். ஆனாலும் வருஷக்கணக்கா ஓடுற ஒரு செலவு நின்னுபோக வாய்ப்பு இருக்குன்னா, ஆரம்பத்துல போடுற பணம் முதலீடுதானே?

ஒரு பேப்பர் எடுங்க

4 கிலோ பூனை, வேளைக்கு 2 யூனிட், ஒரு நாளைக்கு 2 வேளைன்னு வச்சுக்குவோம். டோஸ் எவ்வளவுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். விலையும் நான் உதாரணத்துக்குப் போட்டதுதான், உங்க ஊர் விலையை மாத்திப் போட்டுக்கோங்க.

- கிளார்ஜின் இன்சுலின், 3 மி.லி. கார்ட்ரிட்ஜ் 1: ரூ.600
- ஊசி 60 (ஒன்று ரூ.10): ரூ.600
- சுகர் ஸ்ட்ரிப் 75 (ஒன்று ரூ.15): ரூ.1,125
- ஈர உணவு பாக்கெட், கொஞ்சம் வேகவைத்த சிக்கன்: ரூ.3,300
- டாக்டர் ஃபீஸ், டெஸ்ட்: ரூ.1,000

மொத்தம் ரூ.6,625. ஏற்கெனவே பூனை சாப்பாட்டுக்கு மாசம் ரூ.1,500 செலவு பண்றீங்கன்னா, கூடுதல் சுமை ரூ.5,125. நோய் கட்டுக்குள் வந்தபிறகு ஸ்ட்ரிப்பும் டாக்டர் செலவும் குறையும், அப்போ கூடுதல் சுமை ரூ.4,000-க்குள் வந்துடும்.

இந்தப் பட்டியல்ல எது பெருசுன்னு பாருங்க. எல்லாரும் பயப்படுற இன்சுலின் பத்துல ஒரு பங்குகூட இல்லை. சாப்பாடுதான் பாதி. ஆனா நம்ம ஆளுங்க கை வைக்கிறது இன்சுலின்லயும் ஸ்ட்ரிப்லயும்தான்.

கை வைக்கக் கூடாத 3 இடங்கள்

ஒன்று, ஊசி. நம்ம நாட்டு மெடிக்கல் ஷாப்ல ரெண்டு விதமான இன்சுலின் ஊசி இருக்கு. சிவப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100. கிளார்ஜின் யூ-100 மருந்து. அதை சிவப்பு மூடி ஊசியில 2 யூனிட் கோடு வரைக்கும் இழுத்தா, உள்ளே போறது 5 யூனிட். ரெண்டரை மடங்கு. சின்ன பூனைக்கு இது உயிர் போற தப்பு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொன்னாலும் மூடியைப் பார்த்து வாங்குங்க.

இரண்டு, ஸ்ட்ரிப். ஆஸ்பத்திரிக்குப் போன பயத்துலயே பூனைக்கு சுகர் எகிறும். அங்கே எடுத்த ஒரே ஒரு அளவை வச்சு டோஸ் ஏத்தினா, வீட்டுக்கு வந்ததும் சுகர் பாதாளத்துக்குப் போகலாம். காது ஓரத்துல சின்னதா குத்தி, சாதாரண குளுக்கோமீட்டர்ல நீங்களே வீட்டுல பார்த்து, நோட்டுல எழுதி டாக்டருக்கு அனுப்புங்க. மனுஷங்க மீட்டர் பூனைக்கு பொதுவா கொஞ்சம் குறைச்சுக் காட்டும். அதனால மீட்டரை மாத்தி மாத்திப் பார்க்காம ஒரே மீட்டரை வச்சுக்கோங்க, எந்த மீட்டர்னு டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில வச்சு டெஸ்ட் எடுக்குற செலவும் இதனால குறையும்.

மூன்று, இன்சுலின் வகை. "மனுஷங்களுக்குப் போடுற பழைய இன்சுலின் பாட்டில் விலை கம்மியாச்சே"ன்னு கேட்பீங்க. அது பூனை உடம்புல சீக்கிரம் தீர்ந்துபோகும், 12 மணி நேரம் தாங்காது. கிளார்ஜின் 2022-ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்ந்தது, அதனால விலைக் கட்டுப்பாடும் உண்டு. தாத்தாவோட மெட்ஃபார்மின் மாத்திரையை உடைச்சுக் கொடுக்குற ஐடியாவை மட்டும் மறந்துடுங்க.

உண்மையா மிச்சம் பிடிக்கக் கூடிய இடங்கள்

*யூனிட் ரேட்டைப் பார்த்து ஏமாறாதீங்க.* 10 மி.லி. பாட்டில்ல 1,000 யூனிட், கணக்குப் பார்த்தா லாபம். ஆனா திறந்த 28 நாளுக்கு அப்புறம் பயன்படுத்தாதீங்கன்னு கம்பெனியே சொல்லுது. அந்த 28 நாள்ல உங்க பூனைக்குத் தேவை 112 யூனிட்தான். மீதி வீண். 300 யூனிட் இருக்குற 3 மி.லி. போதும். மளிகைக் கடையில பெரிய பாக்கெட் வாங்குற லாஜிக் இங்கே செல்லாது.

*லேபிள் கணக்கு.* பூனை உணவுப் பாக்கெட்ல மாவுச்சத்து எவ்வளவுன்னு பெரும்பாலும் போட மாட்டாங்க. புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார், சாம்பல் அஞ்சையும் கூட்டி 100-ல் கழிங்க. உலர் தீவனத்துல 30, 10, 10, 4, 8-ன்னு இருந்தா மீதி 38 சதவீதம் மாவுச்சத்து. "சுகர் பூனைக்கு" ஸ்பெஷல்னு விக்கிற விலை உயர்ந்த பாக்கெட்டைவிட, மாவுச்சத்து குறைஞ்ச சாதாரண ஈர உணவே பல நேரம் போதும். பால் சோறு, தயிர் சோறு, மீன் கலந்த சோறு மூணையும் நிறுத்தணும். வெறும் சிக்கன் மட்டும் கொடுத்து ஓட்டவும் முடியாது, டாரின், கால்சியம் எல்லாம் குறைஞ்சுடும். ஒரு முக்கியமான விஷயம்: இன்சுலின் ஓடிக்கிட்டு இருக்கும்போது சாப்பாட்டை டாக்டர்கிட்ட கேக்காம திடீர்னு மாத்தாதீங்க, சுகர் ரொம்ப இறங்கிடும்.

*அரசு கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகள்.* சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில இருக்கு. காத்திருக்கணும், ஆனா கட்டணம் குறைவு.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

நோய் வந்தபிறகு எடுக்குற பாலிசியில அந்த நோய்க்கு கவரேஜ் எதிர்பார்க்காதீங்க. வருமான வரியில 80டி கழிவும் செல்லப்பிராணிக்குக் கிடையாது. அதனால தனியா ஒரு ஆர்டி போடுங்க, மாசம் ரூ.1,000 போதும். இது அவசர நிதி. வாந்தி, சாப்பிடாம சுருண்டு படுக்குறதுன்னு வந்தா அது கீட்டோன் ஏறுன அவசர நிலையா இருக்கலாம். பல நாள் அட்மிஷன், டிரிப்னு போனா பல மாச பட்ஜெட் ஒரே வாரத்துல காலி.

இன்னொரு அவசரம் சுகர் இறங்குறது. தள்ளாடினா, வலிப்பு வந்தா, ஈறுல தேனோ சர்க்கரைப் பாகோ தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. ஊசி போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, திரும்பப் போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போறதைவிட ரெண்டு தடவை போடுறதுதான் ஆபத்து. பூனை சாப்பிடலைன்னா ஊசி போடுறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் பண்ணுங்க.

கணக்கில் வராத செலவு

காலை 7, ராத்திரி 7. தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் இந்த நேரம் மாறாது. ஊசி போடத் தெரிஞ்ச இன்னொரு ஆளை வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இப்பவே தயார் பண்ணுங்க. இதுக்குப் பணம் தேவையில்லை, ஆனா இது இல்லாம இந்தத் திட்டம் ஓடாது.

"பூனைக்குப் போய் இவ்வளவா?"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. அவங்களுக்கு பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனா உங்க சம்பளத்துல இது முடியுமான்னு நீங்க உங்களையே கேட்டுத்தான் ஆகணும். கடன் வாங்கி, கிரெடிட் கார்டு தேய்ச்சு பண்ணாதீங்க. முதல் நாளே டாக்டர்கிட்ட "என்னால மாசம் இவ்வளவுதான் முடியும்"னு நம்பரைச் சொல்லுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. அந்த நம்பருக்குள்ள என்ன செய்யலாம்னு அவர் சொல்வார். சொல்லாம இருந்துட்டு ரெண்டாவது மாசம் நிறுத்துறதுதான் பூனைக்கு நாம செய்யுற துரோகம்.

உங்க ஊர்ல ஸ்ட்ரிப், கார்ட்ரிட்ஜ் என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்தவங்களுக்கு உதவும்.