கழுதைப் பாதையும் பந்தயப் பாதையும்



"விளையாட்டில் எதற்கு சாதியைக் கொண்டு வருகிறீர்கள்?" என்று ஒரு கல்லூரிக் கூட்டத்தில் ஒரு மாணவர் எங்களைக் கேட்டார். அதே வாரம் நம் இயக்கத்தின் மூத்த தோழர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: "சுடுகாட்டுக்குப் போகப் பாதையில்லை, பட்டா இல்லை. உங்களுக்கு சைக்கிள் ரேஸ் கேக்குதா?" முதல் கேள்வி எரிச்சலைத் தந்தது. இரண்டாவது வலித்தது. இரண்டுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

விஷயம் இதுதான். பென்னாகரம் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்திலிருந்து நான்கு பேர், பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு மவுண்டன் பைக் போட்டிக்குப் போனோம். தொழில்முறை வீரர்களுக்கான போட்டி அல்ல, ஆர்வலர்களுக்கானது. முதல் நாள் கிராஸ் கன்ட்ரி, மறுநாள் டவுன்ஹில். ஓட்டியவன் எங்கள் தம்பி ஒருவன்தான், வயது 19. மற்ற மூவரும் பை தூக்கவும் தண்ணீர் கொடுக்கவும் போனோம். வண்டி, பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் அவனுடைய மாமா பழைய வண்டிக் கடையில் 14,000 ரூபாய்க்கு வாங்கித் தந்தது. முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள வண்டி, கம்பி இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். பேருந்துக் கூரையில் கட்டிக் கொண்டு போனோம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். கிராஸ் கன்ட்ரி என்றால் மலைப்பாதையில் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். ஏற்றம்தான் பரீட்சை, நெஞ்சும் தொடையும்தான் மூலதனம். 1996 அட்லாண்டாவிலிருந்து இது ஒலிம்பிக்கில் இருக்கிறது. டவுன்ஹில் வேறு. உச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறக்கி விடுவார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி. பாறை, வேர், பள்ளம், சில நேரம் ஆள் உயரத் தாண்டல். சீட்டில் உட்காரக் கூடாது. பெடல் இரண்டும் சமமாக, இடுப்பு பின்னால், பார்வை சக்கரத்தில் இல்லாமல் பத்து அடி முன்னால். இதற்கென்றே முன்னும் பின்னும் நீளமான ஷாக் வைத்த வண்டி, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முட்டிக் கவசம் எல்லாம் உண்டு. ஒலிம்பிக்கில் இதற்கு இன்னும் இடமில்லை.

கிராஸ் கன்ட்ரியில் எங்கள் தம்பி 41 பேரில் 17-வதாக வந்தான். ஏற்றத்தில் ஒருவர்கூட அவனை முந்தவில்லை. தினமும் ரேஷன் அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக் கொண்டு மேடு ஏறுகிறவனை எப்படி முந்துவது? இரண்டாவது சுற்றில் முள் குத்தி டியூப் போனது. டியூபே இல்லாத டயரில் பசை ஊற்றி ஓட்டியவர்களுக்கு அதே முள் ஒன்றும் செய்யவில்லை. ஆறு நிமிடம் அங்கே போனது.

டவுன்ஹில்லில் இரண்டு முறை விழுந்தான். மற்றவர்கள் இரண்டு நாள் முன்பே வந்து அறை எடுத்து, பாதையை நடந்து பார்த்து, எந்தப் பாறையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பத்துத் தடவை இறங்கிப் பழகியிருந்தார்கள். நாங்கள் முதல் போட்டி அன்று காலைதான் போய்ச் சேர்ந்தோம். பயிற்சி இறக்கத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் தளர்ந்தது. கை மரத்துப் போய் விரலை மடக்கவே முடியவில்லை என்றான். கடைசியிலிருந்து நான்காவது இடம்.

ஏற்றத்துக்கு உழைப்பு போதும், அதில் வந்தோம். இறக்கத்துக்குக் காசு வேண்டும், அதில் விழுந்தோம். பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த ஒரு பள்ளத்தாக்கில் பார்த்துவிட்டோம். "திறமைக்கு ஏற்ற இடம்" என்று சொல்கிறவர்கள், முந்தின இரண்டு இரவு அறை வாடகை யார் கொடுத்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதோடு முடியவில்லை. மதியச் சாப்பாட்டில் ஒருவர் வந்து தம்பியின் தோளைத் தட்டினார். நன்றாக ஏறினாய் என்று மனதாரப் பாராட்டினார். தமிழ்க்காரர்தான். "எந்த ஊரு தம்பி?" "தருமபுரிங்கண்ணா." "ஓ, அந்த இளவரசன் கேஸ் ஊரு. நீங்க எந்தப் பக்கம்?" தம்பி பதில் சொல்லவில்லை. தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்து கொண்டே இருந்தான். அவரும் புரிந்து கொண்டவர் போலத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அதன்பின் மாலை வரை எங்கள் பக்கம் வரவில்லை.

விளையாட்டில் சாதியைக் கொண்டு வந்தது யார்? நாங்கள் கொண்டு போனது ஒரு வண்டி, ஒரு பம்பு, மூன்று டியூப், அவ்வளவுதான்.

"நீங்க எந்தப் பக்கம்" என்ற கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகள் சூறையாடப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. வீடுகளோடு வண்டிகளும் எரிந்தன. பெங்களூரில் சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய வண்டிகள் அவை. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதை அருகே பிணமாகக் கிடந்தார். அந்த நாட்களில் மேடை போட்டு என்ன பேசினார்கள்? நம் பையன்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மயக்குகிறார்களாம். எங்கள் தம்பி அந்தப் போட்டியில் கண்ணாடி போட்டிருந்தான். புழுதியும் கல்லும் கண்ணில் அடிக்காமல் இருக்க. அந்தக் கண்ணாடியோடு நம் ஊரின் முக்குச் சாவடியைக் கடக்கும்போது மட்டும் கழற்றிப் பையில் போட்டுக் கொள்வான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே செய்கிறான்.

சைக்கிள் நமக்கு எப்போதுமே வெறும் சைக்கிளாக இருந்ததில்லை. ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக் கொண்டு போன தாத்தாக்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். இது பழங்கதை என்றால், நாடாளுமன்றம் எதற்கு 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது? பொது இடத்தில் நாம் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தத்தில் எழுத்திலேயே சேர்த்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்கச் சட்டம் போடுவார்களா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டியதாகப் புகார் பதிவானதே, அதற்குள் மறந்துவிட்டோமா?

வண்டியில் ஏறுவதே நம் அரசியலின் தொடக்கம். 1893-ல் திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி கட்டிக் கொண்டு தடுக்கப்பட்ட பொதுவழியில் போனார். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். வெங்ஙானூர் வண்டி ஓடிச் சரியாக 130 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் அதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடியில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான வாசல்களில் அதுவும் ஒன்று. மூத்த தோழருக்கு எங்கள் பதில் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அய்யன்காளியிடமும் யாராவது, கூலி உயர்வு கேட்காமல் வண்டிச் சவாரி எதற்கு என்று கேட்டிருப்பார்கள். அவர் கூலிக்கும் போராடினார், பள்ளிக்கும் போராடினார், வண்டியையும் ஓட்டினார்.

இன்னொரு பதிலும் உண்டு. பென்னாகரம் வட்டத்தில் கோட்டூர்மலை இருக்கிறது. சாலை இல்லாததால், தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் அந்த மலை ஏறிய படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாங்கள் அந்த டவுன்ஹில் பாதையின் உச்சியில் நின்றபோது தம்பி முதலில் சொன்னது இதுதான்: "அண்ணா, இது நம்ம கழுதைப் பாதைதாண்ணா." அதே பாறை, அதே வேர், அதே செங்குத்து. ஒரு இடத்தில் அது சாகசம், அதில் ஒரு முறை இறங்கக் கட்டணம். இன்னொரு இடத்தில் கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கி இறங்க வேண்டிய கதி. நிலத்தில் வித்தியாசம் இல்லை. யார் விரும்பி இறங்குகிறார், யார் வேறு வழியில்லாமல் இறங்குகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். மலைக் கிராமத்துக்குச் சாலை முதலில். பாதை கரடுமுரடாக இருந்தால்தான் சுற்றுலாவுக்கு அழகு என்று நாளை எவராவது கோப்போடு வந்தால் அதை எதிர்ப்பதும் நம் வேலை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை மறக்க முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று நுழைந்தவர்கள் ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011-ல் அரசு ஊழியர்கள் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டுப்பாதையில் நடந்ததற்கே பழங்குடி மக்களைத் திருடர்கள் என்ற நாடு இது. அந்தப் பாதையில் நாளை பந்தயம் நடத்துவதானால் 2006 வன உரிமைச் சட்டப்படி அந்த ஊர் கிராமசபை சம்மதிக்க வேண்டும். வழிகாட்டி வேலையும் வருமானமும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும்.

மவுண்டன் பைக் பணக்கார விளையாட்டு, அதை விட்டுவிடலாம் என்கிறார்களே, அதன் வரலாறு அப்படித் தொடங்கவில்லை. 1976-ல் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள் 1930-களின் பழைய கனத்த சைக்கிள்களைப் பொறுக்கி எடுத்து மலையிலிருந்து இறக்கிப் பந்தயம் விட்டார்கள். ஒரு இறக்கத்திலேயே பின் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கு "ரீபேக்" என்று பெயர் வந்தது. ஓட்டை வண்டியில் பிறந்த விளையாட்டு இது. விலையை ஏற்றியது பிற்பாடு வந்த வியாபாரம். 1994 இனப்படுகொலையில் உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்த ருவாண்டாவின் ஏட்ரியன் நியோன்ஷூட்டி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே கிராஸ் கன்ட்ரியில் ஓட்டினார்.

தடுப்பதும் புதிதல்ல. அமெரிக்காவின் சைக்கிள் சங்கம் 1894-ல் கறுப்பர்கள் உறுப்பினராகக் கூடாது என்று விதி போட்டது. ஐந்தே ஆண்டில், 1899-ல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பு இளைஞர் மாண்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனார். 1932-ல் அவர் சிகாகோவில் வறுமையில் செத்தார். அந்தச் சங்கம் தன் விதிக்காக வெட்கப்பட 1999 வரை ஆனது. ஒரு தனிமனிதர் ஜெயிப்பது போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனவே நமக்கு ஒரு வீரன் வேண்டாம், ஒரு ஏற்பாடு வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 2001-02-ல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம்தான் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. இலவசம் என்று ஏளனம் பேசுகிறவர்கள் அது யாரிடமிருந்து தொடங்கியது என்று தெரிந்து கொள்ளட்டும்.

நாங்கள் கேட்பது இவை. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் பொதுவில் பயன்படுத்தப் பத்து மவுண்டன் பைக், ஹெல்மெட், பழுது பார்க்கும் கருவிகள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்டப் பிரிவில் ஒரு பயிற்சியாளர். போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணத்தோடு, இரண்டு நாள் முன்பே தங்கிப் பழகும் செலவு. கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அதில்தான் நாங்கள் தோற்றோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் இதற்கு ஒரு வரி எழுதச் சொல்லி மனு தயாராகிறது. கல்லூரித் தோழர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். போட்டுவிட்டு, உங்கள் விடுதியில் துருப்பிடித்து நிற்கும் விலையில்லா சைக்கிள் எத்தனை என்று எண்ணிக் கொண்டும் வாருங்கள்.

தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். திரும்பி வரும்போது, இனி வேண்டாம் என்றுதான் சொன்னான். விழுந்ததால் இல்லை, அந்தச் சாப்பாட்டு நேரத்தால். ஒரு மாதம் வண்டி திண்ணையில் கிடந்தது. பிறகு காலனியின் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அண்ணா, நீ ஓட்டலன்னா நான் ஓட்டறேன்" என்று கேட்டு எடுத்துப் போனாள். கால் எட்டவில்லை. சீட்டை இறக்கிக் கொடுத்தவன் அவன்தான். இப்போது ஞாயிறு காலைகளில் ஆறு பிள்ளைகளுக்கு, பிரேக்கை ஒரே விரலில் எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருகிறான்.

அடுத்த போட்டிக்கு இரண்டு பேர் ஓட்டுவார்கள். "எந்தப் பக்கம்" என்று எவராவது கேட்டால் என்ன சொல்வது என்று உட்கார்ந்து பேசியிருக்கிறோம். சேரிப் பக்கம் என்று சொல்லப் போகிறோம். தட்டைப் பார்த்து இல்லை, கேட்டவர் முகத்தைப் பார்த்து.